முகவரி இல்லாத எறும்பு

சுன்னாகத்திலிருந்து எழுதிய வாசகிக்கு,

உங்கள் கடிதமும், அதனுடன் செலோரேப்பில் ஒட்டி அனுப்பிய எறும்புகளும் கிடைத்தன. தபாலில் கொஞ்சம் நசிந்திருந்தாலும் பார்க்க வேண்டிய பாகங்கள் தப்பியிருந்தன. மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். இது என்ன எறும்பு? இதன் கூடு எங்கே இருக்கும்? சீனிப்போத்தலை எவ்வளவு இறுக்கி மூடினாலும் எப்படி உள்ளே போகிறது? இவற்றோடு உங்கள் மாமியார் சொன்னதையும் எழுதியிருந்தீர்கள்: இது கட்டெறும்பின் குஞ்சு, வளர்ந்தால் தானாக வளவுக்குப் போய்விடும் என்று. உங்களுக்குத் தனியாகவே பதில் போட்டிருக்கலாம். இதே கேள்வி பருத்தித்துறையிலிருந்தும் சாவகச்சேரியிலிருந்தும் வேறு வேறு சொற்களில் வந்துகொண்டே இருப்பதால் எல்லோரும் பார்க்கும்படி இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் மாமியாரின் கருத்து. எறும்பில், நாம் நினைப்பதுபோலக் குஞ்சு என்று ஒன்று இல்லை. முட்டையிலிருந்து காலில்லாத வெள்ளைப் புழு வரும். அது தின்று பருத்துக் கூட்டுப்புழுவாகும். கூட்டுப்புழுவிலிருந்து எறும்பு வெளிவந்த அன்றோடு வளர்ச்சி முடிந்தது. சாகும்வரை அதே அளவுதான். ஆனாலும் மாமியார் அப்படி நினைத்ததில் நியாயம் இருக்கிறது. கட்டெறும்புப் புற்றில் பெரிய தலைக்காரிகளும் சின்னவர்களும் ஒன்றாகத் திரிவார்கள். பார்ப்பவருக்குத் தாயும் பிள்ளைகளும் என்றுதான் படும். எல்லோரும் முழுதாக வளர்ந்த அக்கா தங்கைகள், அவ்வளவுதான். உங்கள் குசினியில் ஓடுவதைக் கவனியுங்கள்: பெரிசு சின்னன் என்ற வேறுபாடே இல்லாமல் எல்லாம் ஒரே அளவில் இருக்கும். அதுவே முதல் அடையாளம்.

அந்த அளவு 1.3 முதல் 1.5 மில்லிமீற்றர், எள்ளில் பாதி. தலையும் மார்பும் கறுப்புக்குக் கிட்டிய கபிலம். வயிறும் கால்களும் மங்கிய வெள்ளை, வெளிச்சம் ஊடுருவிப் போகும். வெள்ளை மாபிள் மேல் ஓடும்போது பின்பாதி கண்ணுக்குத் தட்டுப்படாது. கறுத்த தலை மட்டும் தன்பாட்டில் ஓடுவதாகத் தெரியும். இதனால்தான் இங்கிலீஷ்காரர் இதைப் பேய் எறும்பு என்கிறார்கள். அறிவியல் பெயர் தபினோமா மெலனோசெபலம். பெயர் வைத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த யொஹான் கிறிஸ்தியன் ஃபப்ரீசியஸ், 1793 இல். லின்னேயசின் மாணவர் அவர். எங்கள் மாமரத்து முசுறுக்கு 1775 இல் பெயர் வைத்தவரும் அவரே. அவர் கையில் கிடைத்த பேய் எறும்பு தென்னமெரிக்காவின் கயென் பகுதியிலிருந்து போனது. அதற்காக அதன் சொந்த ஊர் அதுவென்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆசிய, பசிபிக் பக்கத்து வெப்பமண்டலத்தில் எங்கோ தோன்றி, கப்பலேறி, பூச்சாடியேறி உலகம் முழுக்கப் போயிருக்கிறது என்பதே இப்போதைய கணிப்பு. ஜேம்ஸ் வெற்றரர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2009 இல் பழைய பதிவுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தபோது 150 க்கும் மேற்பட்ட நாடுகளிலும் தீவுகளிலும் இது இருந்தது. குளிர் நாடுகளில் வெளியே பிழைக்க முடியாமல், சூடேற்றிய கட்டடங்களுக்குள்ளும் கண்ணாடித் தோட்டங்களுக்குள்ளும் காலம் தள்ளுகிறது.

இனி, உங்கள் வீட்டில் இருப்பது இதுதான் என்று எப்படி உறுதிப்படுத்துவது? நிறத்தை மட்டும் நம்பி எறும்புக்குப் பெயர் சொல்லப் போனால் அகப்பட்டுக்கொள்வோம். இடையைப் பார்க்க வேண்டும். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் எறும்புக்கு ஒரு கணு இருக்கும், அல்லது இரண்டு கணு. பெரிய உருப்பெருக்குக் கண்ணாடி தேவையில்லை; பத்து மடங்கு பெருக்கும் சின்ன வில்லை போதும், அல்லது அந்த வில்லையை போன் கமராவின் முன்னால் பிடித்து ஒரு படம் எடுத்தாலும் போதும். பேய் எறும்பில் இருப்பது ஒரே கணு. அதுவும் தட்டையாகப் படுத்து, வயிற்றின் முன்பக்கத்துக்குக் கீழே மறைந்து கிடக்கும். மேலிருந்து பார்த்தால் கணுவே இல்லாததுபோலத் தோன்றும். நீங்கள் அனுப்பியவற்றில் அப்படித்தான் இருந்தது.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடியவை சில உண்டு. முதலாவது மொனோமோரியம் ஃபுளோரிகோலா. இதுவும் ஏறக்குறைய அதே அளவு, இதுவும் இரு நிறம். ஆனால் நிறம் மாறிக் கிடக்கும்: தலையும் வயிறும் கறுப்பு, நடுப்பகுதி வெளிறல். ஆறுதலாக நடக்கும். மரப்பட்டையிலும் காய்ந்த சுள்ளியிலும் குடியிருக்கும். இடையில் இரண்டு கணு தெளிவாகத் தெரியும். செவ்வரத்தையில், முருங்கையில் தேடிப் பாருங்கள். இரண்டாவது பாரோ எறும்பு. உடல் முழுக்க மஞ்சள் கலந்த கபிலம், வயிற்றின் நுனி மட்டும் கறுப்பு. உலகத்து ஆஸ்பத்திரிகளைப் பெரிதும் அலைக்கழித்த எறும்பு இது.

மூன்றாவதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம், ஏனென்றால் உங்கள் வீட்டுக்கு அது வந்தால் சீனியோடு நிற்காது. ட்ரைக்கோமிர்மெக்ஸ் டெஸ்ட்ரக்டர். மஞ்சள் கபில உடல், கறுத்த வயிறு, ஒரே கூட்டத்தில் சின்னதும் பெரிசுமாக 1.8 இலிருந்து 3.5 மில்லிமீற்றர் வரை. இது மின்சார வயரின் மேலுறையைக் கடித்துத் தின்றுவிடும். துணியையும் அரிக்கும். சுவிட்சுக்குள் எறும்பு மொய்த்து லைற் எரியாமல் போகும் வீடுகளில், மின்சாரம் பார்ப்பவரைக் கூப்பிடுமுன் எறும்பைப் பாருங்கள் என்று சொல்வேன். இதையும் ஃபுளோரிகோலாவையும் முதன்முதலில் விவரித்தவர் மதராஸ் இராணுவத்தில் வைத்தியராக இருந்த தோமஸ் ஜேர்டன். பறவைகளைப் பற்றி எழுதியதால்தான் அவரைப் பலருக்குத் தெரியும். 1851 இல் தென்னிந்திய எறும்புகளின் பட்டியலொன்றை மதராசில் வெளிவந்த இலக்கிய அறிவியல் இதழில் எழுதினார். எங்கள் வீடுகளில் இன்று ஓடித் திரியும் எறும்புகள் பலவற்றுக்கு அந்தப் பட்டியல்தான் பிறப்புச் சான்றிதழ்.

இன்னும் ஒன்று, முற்றத்திலும் விறாந்தையிலும் கறுப்பாக, நீண்ட கால்களோடு, போகுமிடம் தெரியாததுபோல் வளைந்து வளைந்து ஓடுமே, அது பாரட்ரெக்கினா லோங்கிகோர்னிஸ். தமிழ்நாட்டில் பல இடங்களில் பிள்ளையார் எறும்பு என்று சொல்லிக் கடியாத எறும்பாக மதிப்பது பெரும்பாலும் இதைத்தான். இது 2.3 இலிருந்து 3 மில்லிமீற்றர். உணர்கொம்பின் அடித்தண்டு தலையைவிட மிக நீளம்; அதைக் கண்டால் வேறெதையும் பார்க்கத் தேவையில்லை. பேய் எறும்போடு இதைக் குழப்ப மாட்டீர்கள் என்றாலும் ஒரு விஷயத்துக்காக இங்கே கொண்டுவருகிறேன். இந்த எறும்பில் ராணி தன்னைப் பெற்ற ராணியின் அச்சு நகல், ஆண் தன் தந்தையின் அச்சு நகல். வேலைக்காரிகள் மட்டுமே இருவரின் கலவை. 2011 இல் வெளிவந்த ஆய்வு இது. அதனால் ஒரே கூட்டில் பிறந்த ஆணும் ராணியும் கூடினாலும் இரத்த உறவுக் கலப்பின் கெடுதி இல்லை. ஒரு மரக்கட்டையின் கீழ் ஒரு ராணி வந்து சேர்ந்தாலே ஊர் பிடித்துவிடும் வல்லமை இதிலிருந்துதான் வருகிறது. நாங்கள் காலில் மிதித்துக்கொண்டு போகிற எறும்பு!

நெருப்பெறும்பைச் சொல்லாமல் விட முடியாது, ஆனால் அதற்கு அடையாளம் தேவையில்லை, கொட்டியவுடன் தெரிந்துவிடும். அது மெக்சிகோவின் தென்மேற்கிலிருந்து புறப்பட்டது. 16 ஆம் நூற்றாண்டில் அகபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்களில் ஏறி ஆசியாவுக்கு வந்தது என்பதை அதன் மரபணுவை வைத்து 2015 இல் காட்டினார்கள். பேய் எறும்புக்குக் கொடுக்கும் இல்லை, கடித்தாலும் அநேகமாகத் தெரியாது. கை சிவந்து கொப்பளித்தால் அது வேறு ஆள்.

சந்தேகம் இன்னும் தீரவில்லையா? ஒன்றைப் பிடித்து விரலுக்கு நடுவே நசுக்கி மணந்து பாருங்கள். அருவருப்பாக இருந்தால் வீட்டுப் பொடியன்களிடம் கொடுங்கள், மகிழ்ச்சியோடு செய்வார்கள். பழுதான தேங்காய் மணம் வரும். மாரியில் சரியாகக் காயாத கொப்பரா மேல் நீலப் பூஞ்சணம் பிடிக்கும்போது வருகிற மணம் அது. தபினோமா சாதியில் அமெரிக்க வீடுகளில் வாழும் வேறோர் எறும்பை எடுத்து, வட கரோலினாவில் இருவர் 2015 இல் இந்த மணத்தைச் சோதித்தார்கள். தேங்காயில் பிடிக்கும் பூஞ்சணமும் நீலப் பூஞ்சணச் சீஸும் வெளிவிடும் அதே வகை இரசாயனங்களைத்தான் எறும்பும் வெளிவிடுகிறது. அமெரிக்காவில் அதைத் தேங்காய் மணம் என்றும் சீஸ் மணம் என்றும் சொல்லி ஆளுக்காள் வாதாடிக்கொண்டிருந்தார்களாம். யாழ்ப்பாணத்தில் வாதாட வேண்டியதில்லை, தேங்காய் எங்களுக்குத் தெரியும்.

அடுத்தது கூடு. நீங்கள் கடிதத்தில் இதற்குத்தான் அதிகம் இடம் கொடுத்திருந்தீர்கள். சிங்குக்குக் கீழே பார்த்தேன், சுவர் வெடிப்பில் மண்ணெண்ணெய் விட்டேன், யன்னல் நிலையைக் கழற்றச் சொன்னேன், கூட்டைக் காணவில்லை என்று. காண மாட்டீர்கள். ‘கூடு’ என்று நாம் நினைக்கும் ஒன்று இந்த எறும்புக்கு இல்லை.

முசுறை எடுங்கள். புழுவின் நூலால் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும். கறுத்தக் கொழும்பான் மரம் முழுக்கத் தன்னுடையது என்று காவல் காக்கும். கட்டெறும்பு மரத்தடியில் குழி தோண்டி வருடக்கணக்கில் இருக்கும். பேய் எறும்பு எதையும் கட்டாது, தோண்டாது, காக்காது. ஏற்கெனவே இருக்கிற இடுக்கு ஒன்றில் கொஞ்சம் ஈரமும் இருட்டும் இருந்தால் முட்டை, புழு, ராணி எல்லாவற்றையும் கொண்டு வந்து வைக்கும். அந்த இடம் காய்ந்தால், வெயில் பட்டால், யாரும் அசைத்தால், சில மணி நேரத்தில் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அடுத்த இடுக்குக்குப் போய்விடும். ஒரே கூட்டத்தில் பல ராணிகள் இருப்பார்கள். ஒரு ராணியும் கொஞ்ச வேலைக்காரிகளும் சில புழுக்களும் பிரிந்தால் புதுக்கூட்டம் ஒன்று உருவாகிவிடும். இப்படி உங்கள் வீட்டிலேயே ஐந்தாறு இடங்களில் இருக்கலாம், அந்த இடங்களுக்கிடையே போக்குவரத்தும் இருக்கலாம். அவற்றுள் சண்டை கிடையாது.

எங்கள் பக்கத்தில் இதை நான் கண்ட இடங்களைச் சொல்கிறேன்: கிடுகு வேலியில் மடிந்த ஓலைக்குள், பனையின் பழைய மட்டையடியில், தென்னையின் பன்னாடைக்குள், காய்ந்த பப்பாத் தண்டின் குழாய்க்குள், முருங்கைக் கதியாலின் பட்டை வெடிப்பில், பூச்சாடியின் அடித்தட்டுக்கும் சாடிக்கும் நடுவில், மடித்து வைத்த உரப்பையின் மடிப்பில், புத்தகத்தின் முதுகுக்குள், இஸ்திரிப்பெட்டியின் கைபிடிக்குள். ஒன்றைக் கவனித்தீர்களா? இதில் ஒன்றும் நிரந்தரமான இடமில்லை. காடு அழியாமல் கிடக்கும் இடங்களில் இந்த எறும்பு பெரிதாகத் தலையெடுப்பதில்லை. மனிதர் கைபட்ட இடங்களில்தான் பெருகும். குடாநாட்டில் கைபடாத இடம் எங்கே இருக்கிறது? வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் பீற்றூட்டுக்கும் மாறி மாறிக் கொத்தும் செம்மண், வருடா வருடம் அடைக்கும் வேலி, ஒவ்வொரு கலியாணத்துக்கும் இடம் மாறும் தளபாடம். நாங்கள் எதையும் அசையாமல் விடுவதில்லை. அசையும் இடத்தில் வாழப் பழகிய எறும்புக்கு இதைவிட நல்ல நாடு கிடையாது.

குசினிக்குள் ஏன் வருகிறது என்றால், சீனிக்கு மட்டுமல்ல. கடிதத்தில் வைகாசியிலிருந்து தொல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மாதத்தை நினைத்துப் பாருங்கள்: சோளகக் காற்று, வெயில், மழையில்லை. சுண்ணக்கல் மேல் இருக்கும் எங்கள் மண்ணில் விழுகிற மழை கீழே இறங்கிவிடும். மேல்மண் சீக்கிரம் காய்ந்துபோகும். இத்தனை சின்ன உடலுக்கு ஈரம் போனால் உயிர் போனதுதான். வளவில் ஈரம் மிஞ்சும் இடங்கள் கிணற்றடி, வாழைப்பாத்தி, குசினி. கிணற்றடியிலும் வாழையடியிலும் முசுறும் நெருப்பெறும்பும் நிற்கும்; மிச்சம் உங்கள் சிங்க். மறுபடி ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும்போது வெளி இடுக்குகளில் தண்ணீர் நிற்கும், அப்போதும் உள்ளே வரும். எறும்பு முட்டை தூக்கினால் மழை வரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். தூக்குவது அநேகமாக முட்டையல்ல, புழுவும் கூட்டுப்புழுவும்; உண்மையான முட்டை அவ்வளவு எளிதில் கண்ணுக்குத் தெரியாது. அதுவும் இந்த எறும்பு மழை இல்லாமலே தூக்கும், உங்கள் துடைப்பம் பட்டாலே தூக்கும். இதை வைத்து வெங்காயம் கிளப்பும் நாளை முடிவு செய்ய வேண்டாம்.

சீனிப்போத்தல் கேள்விக்குப் பதில் சின்னது. மூடியின் புரிக்கும் போத்தலின் புரிக்கும் நடுவே இருக்கும் வெளி இதற்கு றோட்டு. சுழன்று சுழன்று ஏறி உள்ளே போகும். இன்னும் இறுக்கிப் பயனில்லை. றப்பர் வளையம் வைத்த மூடிதான் வேலை செய்யும். பழைய வீடுகளில் சாப்பாட்டு அலுமாரியின் கால்களைத் தண்ணீர் வைத்த சிரட்டையிலோ கிண்ணத்திலோ நிறுத்துவார்களே, அது இன்றும் நல்ல வழிதான். ஆனால் இரண்டு நாளில் தண்ணீர் மேல் தூசிப் படலம் படியும். இவ்வளவு பாரம் குறைந்த எறும்புக்கு அந்தப் படலமே பாலம். ஒரு துளி சவர்க்காரம் கலந்து, அடிக்கடி மாற்றுங்கள்.

இனி, பிள்ளைகள் இருக்கும் வீடென்று எழுதியதால் ஒரு வேலை தருகிறேன். பீற்றூட்டைத் துருவிப் பிழிந்து, சாற்றில் சீனி கரைத்து, வெள்ளைப் பீங்கான் தட்டில் ஒரு துளி வையுங்கள். எறும்பு வந்து குடிக்கும்போது வயிற்றைப் பாருங்கள். வெளிறிய வயிறு வீங்கிச் சிவக்கும். மைசூரைச் சேர்ந்த மொகமட் பாபு என்பவர் பல நிறச் சீனித்தண்ணீரை எறும்புகளுக்கு வைத்து எடுத்த படங்கள் 2011 இல் உலகப் பத்திரிகைகளில் வந்தன. சிந்திய பாலைக் குடித்த எறும்புகளின் வயிறு வெள்ளையானதை அவர் மனைவி கண்டதிலிருந்து அந்த யோசனை பிறந்ததாம். படங்களைப் பார்த்த பலர் கணினியில் செய்த தந்திரம் என்றே நினைத்தார்கள். உங்கள் குசினியில் ஐந்து நிமிடத்தில் செய்து பார்க்கலாம்.

வேடிக்கைக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்தச் சிவப்பு நிற்கும் பை எறும்பு தனக்கென்று வைத்த வயிறு அல்ல. அது கூட்டத்துக்கான பை. திரும்பிப் போய், வாயோடு வாய் வைத்து, மற்ற வேலைக்காரிகளுக்கும் புழுக்களுக்கும் ராணிகளுக்கும் ஊட்டும். வெளியே வந்து உங்கள் கண்ணில் படுவது கூட்டத்தின் ஒரு பகுதி மட்டுமே. மிச்சப்பேர் உள்ளே இருந்தபடி இவர்கள் கொண்டுவருவதை உண்கிறார்கள்.

இங்கேதான் மருந்தடிக்கும் கதை வருகிறது. கடையில் வாங்கிய தெளிகருவியால் வரிசையைக் கொன்றேன், இரண்டு நாள் நிம்மதி, பிறகு படுக்கையறையிலும் சாமியறையிலும் புதிதாக வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். மருந்து பலிக்கவில்லை என்று நினைக்கிறீர்கள். மருந்து பலித்ததுதான் வினை. வெளியே நின்றவர்கள் செத்தார்கள். உள்ளே இருந்த ராணிகள் ஒன்றையும் குடிக்கவில்லை. நாற்றமும் குழப்பமும் பட்டதும் கூட்டம் துண்டு துண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு துண்டும் ஒரு ராணியோடு வேறு அறைக்குப் போனது. பாரோ எறும்பு பிடித்த கட்டடங்களில் இப்படி ஆவது நெடுங்காலமாகத் தெரிந்த விஷயம். பேய் எறும்பும் அதே போக்குடையது. எறும்புச் சோக்கால் கோடு கீறினாலும் அதே கதைதான், கொஞ்சம் ஆறுதலாக.

கூடு இல்லாத எறும்பை நாம் தேடிப் போக முடியாது, அதுவே கொண்டுபோக வேண்டும். அதற்கு வேண்டியது மெதுவான நஞ்சு. 1996 இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பேய் எறும்புக் கூட்டங்களுக்கு 1 வீதம் போரிக் அமிலம் கலந்த சீனித்தண்ணீரை வைத்துச் சோதித்தார்கள். வாரக்கணக்கில் கூட்டம் குறைந்து போனது. 100 மில்லிலீற்றர் தண்ணீர், 10 கிராம் சீனி, 1 கிராம் போரிக் அமிலம். பஞ்சில் நனைத்து, வரிசை போகும் வழியில் ஒரு மூடிக்குள் வையுங்கள். காயக் காய மாற்றுங்கள். கூட்டிப் போட்டால் கெதியாகச் சாகும் என்று நினைத்து இரண்டு கரண்டி போடாதீர்கள். நஞ்சு கூடினால் எறும்பு குடிக்காது. குடித்தாலும் வீடு போய் ஊட்டுமுன் வழியிலேயே செத்துவிடும். முதல் நாளில் முன்னைவிட அதிகமாக மொய்க்கும், மாமியார் ஏசுவார், பொறுத்துக்கொள்ளுங்கள். வைத்திருக்கும் நாட்களில் அந்தப் பக்கம் வேறு மருந்து அடிக்கவே கூடாது. போரிக் அமிலத்தை மருந்துக்கடையில் கேட்டுப் பெயர் எழுதிய போத்தலில் வாங்குங்கள். கரம் போர்ட்டுக்குப் போடும் பவுடர் சில இடங்களில் இதேதான். ஆனால் என்ன கலந்திருக்கிறது என்று பெட்டியில் எழுதாவிட்டால் அதை விடுங்கள். பிள்ளைகளுக்கும் நாய் பூனைக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். குறைந்த அளவானாலும் நஞ்சு நஞ்சுதான்.

அதற்கும் முன்னால், யன்னலுக்கு வெளியே நிற்கும் கறிவேப்பிலை, செவ்வரத்தை, கத்தரி இலைகளைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளை மாவுப்பூச்சியோ பச்சைப் பேனோ இருந்தால், உங்கள் எறும்பின் உண்மையான சாப்பாட்டுக்கடை அதுதான். அந்தப் பூச்சிகள் கழிக்கும் தேன் போன்ற நீரைக் குடித்துத்தான் கூட்டம் பெருகுகிறது, சீனிப்போத்தல் இடைப்பலகாரம். 2008 இல் பப்பா மாவுப்பூச்சி இலங்கைக்கும் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்கும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்து தோட்டங்களை வெள்ளையடித்தது. கடைசியில் அதை அடக்கியது வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட சிறு குளவி. மாவுப்பூச்சி மொய்க்கும் செடியில் எறும்பும் மொய்த்தால், அந்தக் குளவி போன்ற எதிரிகளை எறும்பு கிட்டவிடாது. ஆகவே கிளையை வெட்டி எரியுங்கள், அல்லது தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவுங்கள். செடியின் கிளை யன்னலையோ ஓட்டையோ தொட்டால் அதையும் வெட்டுங்கள். சில வீடுகளுக்கு இவ்வளவே போதும், போரிக் அமிலம் தேவைப்படாது.

தோட்டத்தில் இருப்பதைத் தோட்டத்திலேயே விட்டுவிடுங்கள் என்பது என் அபிப்பிராயம். செடிகளைப் பிடிக்கும் சிலந்திப்பேனையும் சின்னப் பூச்சிகளின் முட்டையையும் இது தின்கிறது. வெனிசுவேலாவில் மனிதர் இரத்தம் குடித்து நோய் பரப்பும் ஒரு பூச்சி இனத்தின் முட்டைகளை இது தின்பதைப் பதிவு செய்திருக்கிறார்கள். சாப்பாட்டு மேசையிலும், நோயாளி படுத்திருக்கும் அறையிலும் மட்டும் இதற்கு இடம் கொடுக்கக் கூடாது. குப்பையில் நடந்த கால் அப்படியே சோற்றிலும் நடக்கும்.

இவ்வளவு சாதாரணமான எறும்புக்கு இலங்கையில் ஓர் அபூர்வமான சொந்தம் இருக்கிறது. அனியூரெட்டஸ் சைமோனி என்று பெயர். உலகத்தில் வேறெங்கும் இல்லை. அதன் குடும்பப் பிரிவில் இன்று உயிரோடு எஞ்சியிருப்பது அந்த ஒரே இனம், மற்றவையெல்லாம் புதைபடிவமாகிப் போனவை. பேய் எறும்பின் பிரிவுக்கு மிக நெருங்கிய உறவு அதுதான். இத்தாலியரான எமெரி 1893 இல் விவரித்தபின் அதைப் பற்றிப் பேச்சில்லை. 1955 இல் எட்வர்ட் வில்சன் என்ற இளம் அமெரிக்கர் அதைத் தேடி இலங்கைக்கு வந்து இரத்தினபுரிப் பக்கத்துக் காட்டில் கண்டெடுத்தார். பிற்காலத்தில் எறும்பு ஆய்வில் உலகமே அறிந்த பெயராகியவர். ஒரு பிரிவு மழைக்காட்டின் விழுந்த சுள்ளிக்குள் ஒதுங்கி அழிவின் விளிம்பில் நிற்க, மற்றது சுன்னாகத்துக் குசினியில் சீனி திருடுகிறது. காடு போனால் முன்னது போகும். பின்னதற்கு எது போனாலும் கவலையில்லை.

2020 இல் களனிப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஸ்ரீயானி டயஸ் மற்றவர்களோடு சேர்ந்து வெளியிட்ட பட்டியலில் இலங்கைக்கு 341 எறும்பு இனங்கள். பழைய சேகரிப்புகளைப் புரட்டினால் பேராதனை, கண்டி, இரத்தினபுரி என்ற பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். எங்கள் பனங்கூடல்களையும் மணற்காட்டையும் சுண்ணக்கல் வெடிப்புகளையும் குனிந்து பார்க்க இங்கிருப்பவர்கள்தான் முன்வர வேண்டும். உங்கள் மூத்தவள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள், அதனால்தான் இதைச் சொல்கிறேன். திருநெல்வேலியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறை கூப்பிடு தூரம். கையில் நல்ல மாதிரியோடு போகிற பிள்ளைக்கு அங்கே பேச விஷயம் இருக்கும்.

நல்ல மாதிரி என்றால் செலோரேப் வேண்டாம். ஒட்டியதைப் பிரித்தால் கால் போய்விடும், இடை மறைந்துவிடும். மெல்லிய தூரிகை ஒன்றை அற்ககோலில் நனைத்து எறும்பைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். அற்ககோல் உள்ள சின்னப் போத்தலுக்குள் விடுங்கள். ஒரே வரிசையிலிருந்து ஐந்தாறு எடுங்கள், வெவ்வேறு வரிசையைக் கலக்க வேண்டாம். போத்தலுக்குள்ளேயே ஒரு துண்டுக் காகிதம் போட்டு நாள், ஊர், யார் எடுத்தது என்று எழுதுங்கள். ஊர் மட்டும் போதாது. குசினி யன்னலின் உள்பக்கமா, கறிவேப்பிலைச் சாடியின் அடித்தட்டா, எதன் மேல் நின்றது, என்ன தூக்கியது, அன்று மழையா வெயிலா என்பதையும் எழுதுங்கள். பேனா மை அற்ககோலில் கரைந்துவிடும், பென்சிலால் எழுதச் சொல்லுங்கள்.